பின்வரிசையில் நிற்கும் முகம்

அவையோருக்கு வணக்கம்.

பழைய படம் பார்க்கும்போது உங்களில் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். கதாநாயகர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருப்பார். நம் கண்ணோ அவரை விட்டுவிட்டு, பின்னால் வாளோடு நிற்கும் ஒருவரிடம் போய் ஒட்டிக்கொள்ளும். 'இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே' என்று மனம் அரிக்கத் தொடங்கும். படம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் அந்த அரிப்பு விடாது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

1936-இல் வந்த 'சதி லீலாவதி'யை எடுத்துக்கொள்வோம். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது, எம்.கே. ராதா கதாநாயகன். அதில் எம்.ஜி.ஆர். இன்ஸ்பெக்டராக வந்தார் என்பது இன்று பொது அறிவுக் கேள்வியாகவே ஆகிவிட்டது. அதே படத்தில்தான் என்.எஸ். கிருஷ்ணனும் டி.எஸ். பாலையாவும் திரைக்கு அறிமுகமானார்கள் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அன்று கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர் வில்லன் பாலையாவைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார். இன்ஸ்பெக்டரை அவர் எதற்கு நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்?

அந்த இன்ஸ்பெக்டர் 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாக வந்தது 1947-இல். நடுவில் பதினோரு ஆண்டுகள். இந்தப் பதினோரு ஆண்டுகள்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேட்டைக்காடு. 1941-இல் வந்த 'அசோக்குமார்' படத்தில் தியாகராஜ பாகவதர், கண்ணாம்பா, நாகையா என்று பெரிய கூட்டமே இருக்கிறது. அவர்களுக்கு நடுவே தளபதியாக ஓர் இளைஞர். 1945-இல் வந்த 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடும் படத்திலும் அவரே ஒரு சிறு வேடத்தில் வருகிறார். டைட்டிலில் தேடினால் 'எம்.ஜி.ஆர்.' கிடைக்கமாட்டார், அந்தக் காலத்தில் அவர் பெயர் 'எம்.ஜி. ராம்சந்தர்' என்றுதான் போடப்பட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முகம் மாறினாலும் குரல் மாறாது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆளைப் பிடித்துவிடலாம் என்பார்கள். பாலையாவுக்கு அது பொருந்தும். எம்.ஜி.ஆருக்குப் பொருந்தாது. 1967-இல் குண்டடி பட்ட பிறகு அவர் குரலே வேறாகிவிட்டது. எழுபதுகளின் படங்களில் ஊறிய காதோடு 'அசோக்குமா'ரைக் கேட்டால் ஆள் நழுவிவிடுவார். அவரைப் பிடிக்க வேண்டியது நிற்கும் விதத்தில். நாடகக் கம்பெனியில் வளர்ந்த உடம்பு, வசனம் இல்லாத நேரத்திலும் தளர்ந்து நிற்காது. பக்கத்தில் நிற்கும் துணை நடிகர்கள் காட்சி எப்போது முடியும் என்பதுபோல நிற்பார்கள். இவரோ அடுத்த வசனம் தனக்குத்தான் என்பதுபோல நிற்பார். இது என் கண்ணுக்குப் பட்டது, நீங்கள் மறுக்கலாம்.

நான் தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதுகளின் இறுதியில் லலிதா, பத்மினி சகோதரிகளின் நடனத்தைக் கதைக்குச் சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படத்தில் சேர்த்துவிடுவார்கள். ஜெமினி ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டு 1948-இல் வந்த உதயசங்கரின் 'கல்பனா'வில் ஆடிய பத்மினி, கதாநாயகியாக நிலைபெறும்வரை இப்படி வந்து வந்து போனவர்தான். அப்படி ஒரு நடனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நிறைந்த அரங்கில் 'அதோ பத்மினி' என்று கத்திவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'அது லலிதா. இடது பக்கம் இருப்பதுதான் பத்மினி' என்றார். அரை நிமிடத்தில் இருவரும் இடம் மாறி ஆடினார்கள். எனக்கு மறுபடியும் தெரியாமல் போயிற்று. அன்றிலிருந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. கொட்டகையில் விற்ற மெலிந்த புத்தகம்தான். கதைச் சுருக்கம், பாட்டு, நடிகர் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயுள் முழுக்க உட்கார்ந்து இப்படிப்பட்ட விவரங்களைத் திரட்டி வைத்தார். இல்லையென்றால் நாமெல்லாம் இன்னும் ஊகித்துக்கொண்டுதான் இருப்போம்.

ஆளைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கண்டுபிடித்த ஆள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள், அதுதான் வேடிக்கை. 1952-இல் கே. ராம்நாத் இயக்கிய 'தாய் உள்ளம்' படத்தை இன்றைய பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைப்பார்கள். அதில் ஆர்.எஸ். மனோகர் கதாநாயகன், ஜெமினி கணேசன் வில்லன். பிற்காலத்தில் மனோகர் திரையில் நுழைந்தாலே ஏதோ சதி நடக்கப் போகிறது என்று குழந்தைக்கும் தெரியும். ஜெமினியோ காதல் மன்னன். அந்தப் பெயர்களை மறந்துவிட்டு ஜெமினியைப் பாருங்கள். அதே சிரிப்பு, அதே குழைவு. பின்னாளில் பெண்களை மயக்கிய அந்தக் குழைவே இங்கே 'இவனை நம்பாதே' என்று சொல்கிறது. நடிகர் தன்னிடம் இருந்ததை மாற்றிக்கொள்ளவில்லை. சுற்றியிருந்த கதைதான் மாறியது.

எம்.என். நம்பியார் விஷயமும் அப்படித்தான். 1935-இல் 'பக்த ராமதாஸ்' படத்திலேயே திரைக்கு வந்துவிட்டவர் அவர். 'ராஜகுமாரி'யில் அவர் எம்.ஜி.ஆரோடு மோதவில்லை, நகைச்சுவை செய்கிறார். அதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன்பு பயம்தான் வரும். எப்போது கையைப் பிசைந்து கண்ணை உருட்டப் போகிறாரோ என்று காத்திருப்பேன். கடைசிவரை உருட்டமாட்டார்.

வி.கே. ராமசாமியிடம் மட்டும் இந்த விளையாட்டு செல்லாது. 1947-இல் 'நாம் இருவர்' வந்தபோது அவருக்கு இருபதைச் சற்றே தாண்டிய வயது. நடித்ததோ கள்ளச்சந்தை வியாபாரம் செய்யும் கிழவர். நாற்பது ஆண்டுகள் கழித்து அவரே அந்தக் கிழவர் வயதுக்கு வந்து சேர்ந்தார். அவரைத் தேடவே வேண்டாம், எல்லாப் படத்திலும் அதே மனிதர். சாவித்திரியை, 1951-இல் வந்த 'பாதாள பைரவி'யில், ஒரே ஒரு நடனத்தில் பார்க்கலாம். இரண்டே ஆண்டில் 'தேவதாஸ்' படத்தின் பார்வதி ஆகிவிட்டார். கண் சிமிட்டினால் நடனம் போய்விடும், கவனமாக இருங்கள்.

கடைசியாக ஒன்று. 1952-இல் வந்த 'பராசக்தி'யை அறிமுகமானவுடனேயே கதாநாயகனான சிவாஜிக்காகத்தான் எல்லோரும் பார்க்கிறோம். அதே படத்தில் எஸ்.எஸ். ராஜேந்திரன் சகோதரர்களில் ஒருவராக வருகிறார். நீதிபதியாக ஒருவர் வந்து போகிறார், கவிஞர் கண்ணதாசன். நீதிமன்றக் காட்சியில் சிவாஜி பேசும்போது கண்ணை நீதிபதியின் பக்கம் வைத்திருப்பது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். முதல் மூன்று முறையும் என்னால் முடியவில்லை. சிவாஜி விடவில்லை.