பெட்டியில் 26,000 என்று போட்டிருக்கிறதா? அதை விடுங்கள், முதலில் உங்கள் கையை அளந்து பாருங்கள்

[திரையில்: ஒரு மவுஸ் பெட்டியின் முகப்பு, மிக அருகில்]

வணக்கம். இந்தப் பெட்டியின் முகப்பில், மவுஸின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்: 26,000 டிபிஐ. மவுஸைச் சிறிது நகர்த்தினால் கர்சர் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைக் காட்டும் அளவு அது. பெட்டியைப் பிரித்த சூட்டோடு, மவுஸை அந்த அளவிலேயே வைத்து ஓட்டினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தேன். மவுஸ் 2 மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்காது. அதற்குள் கர்சர் திரையின் இடது கோடியிலிருந்து வலது கோடிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு கோப்பின் மேல் அதைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

விளையாட்டுக்கும் அன்றாட வேலைக்கும் சேர்த்து ஒரே மவுஸாக வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்கும் எண் இதுதான். கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்ணும் இதுதான் என்பது என் கட்சி. உங்கள் கையின் அளவு, நீங்கள் மவுஸைப் பிடிக்கும் விதம், அதன் எடை, உள்ளே இருக்கும் ஸ்விட்ச் ஆகியவற்றையெல்லாம் முடிவு செய்த பிறகு, நேரம் மீதமிருந்தால் இந்த எண்ணையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் நினைத்ததை, 1964-இல் பில் இங்கிலிஷ் ஒரு மரப்பெட்டியாகச் செய்து கொடுத்தார். அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அது மேடையேறியது, 1970-இல் காப்புரிமை கிடைத்தது, பின்னாளில் சக்கரங்களின் இடத்தை ஓர் உருண்டை பிடித்துக்கொண்டது, 1999-இல் மைக்ரோசாஃப்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் வந்த பிறகு உருண்டையும் மெல்ல விடைபெற்றது. அந்த உருண்டையைக் கழற்றி, உள்ளே உருளைகளில் பட்டையாகப் படிந்திருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்த தலைமுறையினர் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், கருத்துப் பகுதியில் கையைத் தூக்குங்கள். நாம் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறோம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

[திரையில்: மவுஸைத் திருப்பிப் போட்டு, அடிப்பகுதியில் உள்ள சிறு துளையைக் காட்டவும்]

இப்போது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் மவுஸின் அடியில் ஒரு கேமரா இருக்கிறது. ஒரு சிறிய எல்இடி விளக்கு மேசைப்பரப்பின் மீது சாய்வாக ஒளியைப் பாய்ச்சுகிறது. மாலை வெயிலில் சிறு மேடுகூட நீண்ட நிழலை விழுத்துவதைப்போல, அந்தச் சாய்ந்த ஒளியில் மவுஸ் பேடின் ஒவ்வோர் இழையும் நிழல் விழுத்துகிறது. அந்த ஒளி–நிழல் கோலத்தை, ஒரு பக்கத்துக்குச் சில பத்துப் புள்ளிகளே கொண்ட, முகம்கூடத் தெரியாத அளவுக்குச் சிறிய ஒரு படமாகக் கேமரா பிடிக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பிடிக்கிறது. பக்கத்தில் இருக்கும் சில்லு, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, கோலம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறது. தலையை நிமிர்த்தாமல், தரையை மட்டுமே பார்த்துக்கொண்டு ஊர் முழுவதும் நடந்துவிட்டு, எத்தனை அடி நடந்தேன் என்று பிசகாமல் சொல்லும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்தான் உங்கள் மவுஸ். கண்ணாடி மேசையின் மேல் பெரும்பாலான மவுஸ்கள் தடுமாறுவதற்குக் காரணமும் இதுவே: வழவழப்பான கண்ணாடியில் நிழல் விழுத்த மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

ஓர் அங்குலம் நகரும்போது மவுஸ் கணினிக்கு எத்தனை எண்ணிக்கைகளை அனுப்புகிறது என்பதைத்தான் டிபிஐ என்று பெட்டியில் போடுகிறார்கள். அந்த ஓர் எண்ணிக்கைக்குக் கணினித் துறையில் ‘மிக்கி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கார்ட்டூன் எலியின் பெயர்தான், விளையாட்டாகச் சொல்லவில்லை. விண்டோஸின் வழக்கமான வேக அமைப்பில், முடுக்கம் இல்லாமல், ஓர் எண்ணிக்கைக்குக் கர்சர் ஒரு புள்ளி நகரும். எனவே 1920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க, 800 டிபிஐ-இல் மவுஸை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும், 1600-இல் 3 சென்டிமீட்டர். 26,000-இல் 1.9 மில்லிமீட்டர் போதும். துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகளில் போட்டியிடும் தொழில்முறை வீரர்களில் மிகப் பலர் 400-க்கும் 1600-க்கும் இடையில்தான் வைத்துக்கொள்கிறார்கள். பரிசுக்காக விளையாடுபவர்களே தொடாத எண்ணை வீட்டில் விரிதாள் நிரப்புகிற நாம் தொட்டு என்ன செய்யப்போகிறோம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். கேமராவின் புள்ளிகள் பெருகுவதால் டிபிஐ கூடுவதில்லை. ஒரு புள்ளிக்குள் நிகழ்ந்த நகர்வைச் சில்லு மேலும் மேலும் நுணுக்கமாக மதிப்பிட்டுப் பிரிக்கிறது. மிக அதிகமாகப் பிரிக்கும்போது உண்மையான நகர்வோடு சேர்ந்து நடுக்கமும் பெரிதாகிறது, அந்த நடுக்கத்தை மறைக்கச் சில சென்சார்கள் (அந்தக் கேமராவும் சில்லும் சேர்ந்ததுதான் சென்சார்) நகர்வைச் சராசரியாக்கி வழவழப்பாக்குகின்றன, அதனால் ஒரு சிறு தாமதம் நுழைகிறது. சென்சாரில் பார்க்க வேண்டியது, வேகமாக வீசும்போது அது வழி தவறாமல் இருக்கிறதா என்பதையே. பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் பழைய பிஎம்டபிள்யூ (PMW) 3360 சென்சாரே நொடிக்கு 250 அங்குல வேகம் வரை பின்தொடரும்; அது நொடிக்கு 6 மீட்டருக்கும் அதிகம். அந்த வேகத்தில் மேசையின் மேல் கையை வீசிப் பாருங்கள். சென்சார் தவறுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குவளை தரைக்குப் போய்விடும்.

மவுஸைத் தூக்கினால் எந்த உயரத்தில் அது பார்ப்பதை நிறுத்துகிறது என்பதைச் சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. வீட்டில் கிடக்கும் இரண்டு குறுந்தகடுகளைச் சிறு இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாக வைத்து, சென்சார் அந்த இடைவெளிக்கு மேல் வரும்படி மவுஸை அவற்றின் மேல் ஏற்றி, இடைவெளியின் நீளவாக்கில் நகர்த்துங்கள். ஒரு குறுந்தகட்டின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். கர்சர் அசையாவிட்டால், அதைவிடக் குறைந்த உயரத்திலேயே சென்சார் கண்ணை மூடிக்கொள்கிறது என்று பொருள். அடிக்கடி மவுஸைத் தூக்கி வைத்து விளையாடுபவர்களுக்கு அதுதான் நல்லது. எந்தப் பாட்டும் கேட்காமல் பெட்டியில் தூங்கும் குறுந்தகடுகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

போலிங் ரேட்டைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. 125 ஹெர்ட்ஸ் என்றால் மவுஸ் 8 மில்லிநொடிக்கு ஒருமுறை கணினிக்குச் செய்தி சொல்கிறது, 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிநொடிக்கு ஒருமுறை. இந்த வேறுபாடு விளையாட்டில் உணரக்கூடியது. 8000 ஹெர்ட்ஸ் வரை போனால் மேலும் மிச்சமாவது ஒரு மில்லிநொடிக்கும் குறைவு, ஆனால் செயலியின் வேலை கூடுகிறது, வயர்லெஸ் மவுஸாக இருந்தால் பேட்டரியும் விரைவில் தீர்ந்துபோகிறது. 1000 போதும், மேலே போவோம்.

[திரையில்: மேல்மூடி கழற்றப்பட்ட பழைய மவுஸ். இடது பொத்தானின் ஸ்விட்சை நெருக்கமாகக் காட்டவும்]

இது என்னிடம் நான்கு ஆண்டுகள் உழைத்த மவுஸ். எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இந்த நோய் எல்லா நிறுவனங்களின் மவுஸுக்கும் வரும். ஒரு நாள் திடீரென்று, ஒருமுறை அழுத்தினாலே கோப்பு திறந்துகொண்டது. பத்தியைத் தேர்ந்தெடுக்க இழுத்தால் பாதி வழியில் கைவிட்டது, விளையாட்டில் குறிவைத்துக் காத்திருக்கும்போது தானாகவே இரண்டாம் தோட்டாவும் பாய்ந்தது. முதலில் என் விரல் நடுங்குகிறது என்றே நினைத்தேன். முதுமை இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதா என்றுகூட வருந்தினேன்.

திறந்து பார்த்தால், இந்தச் சிறிய கறுப்புப் பெட்டிக்குள் வளைந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது அது சட்டென்று வளைந்து கீழே உள்ள தொடுமுனையைத் தொடுகிறது. நாம் கேட்கும் ‘க்ளிக்’ அந்த ஓசைதான். தொட்ட கணத்தில் தகடு பந்தைப்போலச் சில முறை துள்ளுகிறது, ஒவ்வொரு துள்ளலையும் கணினி ஒரு க்ளிக் என்று நினைத்துவிடாமல் இருக்க, மவுஸின் மென்பொருள் சில மில்லிநொடிகள் காதைப் பொத்திக்கொள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தகட்டின் விறைப்பு தளர்கிறது, தொடுமுனையில் மெல்லிய ஆக்சைடுப் படலம் படிகிறது. பெரிய மின்னோட்டம் பாய்ந்தால் அந்தப் படலம் எரிந்து நீங்கிவிடும். மவுஸில் பாய்வதோ மிகச் சிறிய மின்னோட்டம், அதற்குப் படலத்தை நீக்கும் வலு இல்லை. எனவே தொடர்பு விட்டு விட்டு ஏற்படுகிறது, துள்ளல் நீள்கிறது, காதைப் பொத்திய கை விலகிய பிறகும் துள்ளல் ஓயாததால் ஓர் அழுத்தம் இரண்டாக எண்ணப்படுகிறது.

பெட்டியில் 1 கோடி க்ளிக் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். நாளொன்றுக்கு 5000 முறை அழுத்தினாலும் 2000 நாள், அதாவது சுமார் ஐந்தரை ஆண்டு வர வேண்டும். 5 கோடி என்று போட்டிருந்தால் பேரப்பிள்ளைகளுக்கே எழுதிவைக்கலாம்! தகடு ஒடியாமல் இருக்கும் என்பதற்குத்தான் அந்தக் கணக்கு உத்தரவாதம். டபுள் க்ளிக் வராது என்பதற்கு அல்ல. ஆகவே, எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ள மவுஸையே எடுப்பேன். அதில் உலோகம் உலோகத்தைத் தொடுவதை நம்பி எதுவும் நடப்பதில்லை. பொத்தானை அழுத்தும்போது ஓர் ஒளிக்கற்றை மறைக்கப்படுகிறது அல்லது திறக்கப்படுகிறது, படலம் படிய இடமும் இல்லை, துள்ளலுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. சில மவுஸ்களில் ஸ்விட்சைச் சூட்டுக்கோல் (சால்டரிங் அயர்ன்) இல்லாமலே பிடுங்கி மாற்றவும் வழி வைத்திருக்கிறார்கள். அது இன்னும் உத்தமம்.

[திரையில்: ஓர் அளவுகோல், அதன் மேல் விரித்து வைத்த கை]

இனி, தலைப்பில் சொன்ன கைக்கு வருவோம். மணிக்கட்டின் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் நீளமுள்ள மவுஸ் பொருந்தும் என்பது விளையாட்டுக்காரர்களிடையே புழங்கும் ஒரு தோராயக் கணக்கு. 19 சென்டிமீட்டர் கைக்கு 11.4 சென்டிமீட்டர் என்று வரும். உள்ளங்கை முழுவதையும் மவுஸின் முதுகில் சாய்த்துப் பிடிப்பவர்களுக்கு இதைவிடச் சற்று நீளமானதும் முதுகு உயர்ந்ததும் வசதிப்படும், விரல் நுனிகளால் மட்டும் பிடித்து ஓட்டுபவர்களுக்குச் சிறியதும் தட்டையானதும் போதும், பருந்தின் நகத்தைப்போல விரல்களை மடித்துப் பிடிப்பவர்கள் இரண்டுக்கும் நடுவில்.

நீங்கள் எந்த வகை என்று உங்களையே கேட்டுக்கொண்டால் சரியான பதில் வராது. யாராவது பார்க்கிறார்கள் என்றதும் நிமிர்ந்து உட்காருவதைப்போல, கையும் தன்னை மாற்றிக்கொள்ளும். அதைவிட, உங்கள் பழைய மவுஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சொரசொரப்பு தேய்ந்து பளபளப்பேறிய இடங்கள் எங்கே இருக்கின்றன? முதுகின் நடுவிலும் பளபளப்பு இருந்தால் உள்ளங்கை தொட்டுக்கொண்டிருக்கிறது. பொத்தான்களின் முன்நுனியிலும் பக்கவாட்டிலும் மட்டும் இருந்தால் நீங்கள் விரல் நுனிக்காரர். இத்தனை ஆண்டுகளாக உங்கள் கை எழுதிவைத்த சாட்சியம் அது, பொய் சொல்லாது.

எடையைப் பற்றிய கருத்து எப்படித் தலைகீழாக மாறியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். லாஜிடெக்கின் ஜி502 என்ற மவுஸ் 121 கிராம். அது போதாதென்று, மேலும் கனமாக்கிக்கொள்ள 3.6 கிராம் எடைக்கட்டிகள் ஐந்தைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். அதே நிறுவனம் 2020-இல் 63 கிராமுக்கும் குறைவான மவுஸைக் கொண்டுவந்து, இலேசாக இருப்பதே சிறப்பு என்றது. இரண்டையும் வாங்கி மகிழ்ந்தவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். குறைந்த வேக அமைப்பில் விளையாடும்போது, விளையாட்டில் நம் பாத்திரம் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை 30, 40 சென்டிமீட்டர் இழுக்க வேண்டியிருக்கும். இழுப்பது, தூக்குவது, மீண்டும் வைப்பது என்று மணிக்கணக்கில் செய்பவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குத்தான். அலுவலக வேலை மட்டுமே செய்பவருக்கு 90 கிராம் ஒரு குறையே அல்ல. இரண்டுக்கும் ஒன்றாக வாங்குபவர்கள் 60 முதல் 80 கிராமுக்குள் பார்த்தால் பின்னால் வருந்த மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

வயர்லெஸ் என்றால் தாமதம் என்ற பயம் பழங்கதை, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (கணினியின் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு ரிசீவர்) வரும் நல்ல மவுஸில் அந்தக் குறை தெரியாது. ப்ளூடூத்தை மட்டும் விளையாட்டுக்கு நம்பாதீர்கள், மடிக்கணினியில் வேலை பார்க்க அது போதும். டாங்கிளைக் கணினியின் பின்புறத்தில், யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகிய இடத்துக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, மவுஸ் விக்குகிறது என்று குறை சொல்லாதீர்கள், யுஎஸ்பி 3.0 இணைப்பு எழுப்பும் இரைச்சல் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. பெட்டிக்குள் தரப்படும் நீட்டிப்பு வயரை எடுத்து, டாங்கிளை மவுஸ் பேடின் அருகிலேயே கொண்டுவந்து வைத்தால் விக்கல் நின்றுவிடும்.

பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள் இருந்தால் உலாவியில் முன்னும் பின்னும் போக நாள் முழுவதும் பயன்படும். பன்னிரண்டு இருந்தால், எது எதற்கு என்று நினைவு வைத்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் வேண்டும். இடது கைக்காரர்கள் இரு பக்கமும் ஒரே வடிவமாக உள்ளதைத் தேடுங்கள். உங்களுக்கு இருக்கும் தெரிவுகள் குறைவு என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மவுஸை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். விண்டோஸின் மவுஸ் அமைப்புகளில் ‘என்ஹான்ஸ் பாய்ன்டர் பிரிசிஷன்’ என்று ஒன்று இருக்கும். பெயர் துல்லியம் என்று சொன்னாலும் அது செய்வது முடுக்கம். மெதுவாக நகர்த்தினால் ஒரு தூரம், வேகமாக நகர்த்தினால் வேறு தூரம் என்று கர்சரை அது ஓட்டுவதால், கைக்குப் பழக்கம் படிவதே இல்லை. அதை அணைத்துவிடுங்கள். அடுத்தது, ஸ்க்ரோல் வீலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறு பொத்தான். அதை அழுத்தும்போதெல்லாம் டிபிஐ ஒரு படி தாவும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது விரல் பட்டு அமுங்கி, கர்சர் பேய்பிடித்தது போல் ஓடி, மவுஸ் கெட்டுவிட்டது என்று எனக்கு எழுதியவர்கள் பலர். மவுஸின் மென்பொருளைத் திறந்து, 800 அல்லது 1600 என்ற ஒரே ஒரு படியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றப் படிகள் அனைத்தையும், அந்த 26,000-ஐயும் சேர்த்து, நீக்கிவிடுங்கள்.