வீசரோட ‘பிங்கர்ட்டன்’: படுத்துப்போன ரெண்டாவது ஆல்பம், பாடம் கத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்ட பாடகர்

வணக்கம் மக்களே. விண்டோஸ் 95 சிடி வெச்சிருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அதுக்குள்ள ஒரு மியூசிக் வீடியோ இருக்கும், பழைய அமெரிக்க டிவி சீரியல் செட்டுக்குள்ள நாலு பசங்க நின்னு வாசிப்பாங்க. அதுதான் வீசர்ங்கிற அமெரிக்க ராக் பேண்டு. பாட்டு ‘பட்டி ஹாலி’, டைரக்ட் பண்ணது ஸ்பைக் ஜோன்ஸ். 1994 மே மாசம் வந்த அவங்க முதல் ஆல்பம், அந்த நீல அட்டை போட்டது, ஒரு வருஷத்துக்குள்ளயே அமெரிக்கால 10 லட்சத்தைத் தொட்டுருச்சு. இப்ப பேசப்போறது அதுக்கு அடுத்து வந்ததைப் பத்தி, 1996 செப்டம்பர் 24 அன்னிக்கு ரிலீஸ் ஆன ‘பிங்கர்ட்டன்’.

ரெண்டாவது ஆல்பம்னா பாடகர் ரிவர்ஸ் குவோமோ மனசுல இருந்தது வேற ஒண்ணு. ஸ்பேஸ்ஷிப்ல நடக்குற ஒரு ராக் ஆபரா, அதாவது பாட்டாலயே சொல்ற கதை, பேரு ‘சாங்ஸ் ஃப்ரம் த பிளாக் ஹோல்’. 1994 கிறிஸ்துமஸ் லீவுல வீட்டுல உக்காந்து 8-டிராக் ரெக்கார்டிங் மெஷின்ல டெமோ எல்லாம் போட ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் அது அப்படியே கைவிடப்பட்டுச்சு. ஏன்னா நடுவுல அவரோட கால் வந்துருச்சு.

அவருக்குப் பிறந்ததுல இருந்தே ஒரு கால் இன்னொண்ணை விடக் குட்டை, கிட்டத்தட்ட 2 இன்ச். பேண்டு பெரிசானதும் கையில காசு வந்துச்சு, 1995ல ஆபரேஷன். எலும்பை உடைச்சு, காலைச் சுத்தி ஒரு இரும்பு ஃபிரேம் மாட்டி, அதுல இருக்குற ஸ்க்ரூவை தினமும் கொஞ்சம் கொஞ்சமா அவரே திருகணும், எலும்பு ரெண்டா விலக விலக நடுவுல புது எலும்பு வளரும். வலி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அந்த ஃபிரேமோட, கையில கைத்தடியோட, ஹார்வர்டுல போய் கிளாசிக்கல் மியூசிக் படிக்கச் சேர்ந்துட்டாரு. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி கிட்டார் வாசிச்ச ஆளு, இப்ப பனியில தாங்கித் தாங்கி கிளாஸுக்குப் போறாரு, பேசக்கூட ஆள் இல்ல. ‘த குட் லைஃப்’ பாட்டுல கிழவன் மாதிரி தடி இல்லாம நடக்க முடியலன்னு பாடுறது கற்பனை இல்ல, அந்த குளிர்கால ஹார்வர்டுதான்.

அப்ப அவரைப் பிடிச்சு ஆட்டுனது இத்தாலி இசையமைப்பாளர் புச்சினியோட ‘மேடம் பட்டர்ஃப்ளை’ ஆபரா. பிங்கர்ட்டன்னு ஒரு அமெரிக்க நேவி ஆபீசர், ஜப்பான்ல சியோ-சியோ-சான்ங்கிற பொண்ணைக் கல்யாணம் பண்ணிட்டு விட்டுட்டுப் போயிடுவான். ஊர் ஊரா டூர் போய் பொண்ணுங்களோட பழகிட்டுக் கிளம்புற தானும் அந்த ஆளுதானேன்னு குவோமோவுக்கு உறைச்சிருக்கு. ஆல்பம் பேரே அங்க இருந்து வந்ததுதான். அட்டையில இருக்குற பனி ராத்திரி ஓவியம் ஜப்பான் ஓவியர் ஹிரோஷிகேவோடது.

ரெக்கார்டிங் பாதி காலேஜ் லீவுக்கு ஏத்த மாதிரிதான் நடந்துச்சு. முதல் ஆல்பத்தை ‘த கார்ஸ்’ பேண்டு ரிக் ஒகாசெக் துடைச்சு வெச்ச மாதிரி புரொட்யூஸ் பண்ணிக் கொடுத்தாரு, இதுக்கு வெளி புரொட்யூசரே வேணாம்னுட்டாங்க. குவோமோ, கிட்டாரிஸ்ட் பிரையன் பெல், பேஸ் கிட்டாரிஸ்ட் மேட் ஷார்ப் மூணு பேரும் சேர்ந்து நின்னு ஒரே நேரத்துல மைக்ல பாடியிருக்காங்க, அதனால சுருதி விலகும், ஒருத்தர் குரல் இன்னொருத்தர் மேல ஏறும், டிரம்ஸ் தலையில அடிக்கும். 10 பாட்டு, 34 நிமிஷம் கிட்ட, அவ்வளவுதான்.

இதுல ‘அக்ராஸ் த சீ’ன்னு ஒரு பாட்டு. ஜப்பான்ல இருந்து 18 வயசு ரசிகை ஒருத்தி எழுதுன லெட்டர், அதுல இருந்த வரிகளையே எடுத்துப் போட்டுட்டாரு, அந்தப் பொண்ணுக்கு ராயல்ட்டியும் போச்சு. ஆனா பாட்டுல அவர் அந்தக் கவரை மோந்து பாக்குறாரு, நக்குறாரு, அவ ராத்திரி என்ன பண்ணுவான்னு யோசிக்கிறாரு. கேக்கவே நெளிய வைக்கும். மெட்டு அவ்வளவு அழகா இருக்குறதாலதான் இன்னும் நெளிய வைக்குது. அவர் வாழ்க்கைல அப்ப அந்தப் பொண்ணு வெறும் காகிதம்தான், அது அவருக்கும் தெரியும், தெரிஞ்சும் பாடுறாரு. இதை ‘நேர்மை’ன்னு மட்டும் சொல்லி நாம தப்பிச்சுக்க முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது.

ரிலீஸுக்கு முந்தின நாள் கேஸ் வேற. பிங்கர்ட்டன்னு ஒரு பழைய செக்யூரிட்டி கம்பெனி இருக்கு, எங்க பேரை எப்படிப் போடலாம்னு கோர்ட்டுக்குப் போனாங்க. ஆபரா பாத்திரத்தோட பேருங்கன்னு பேண்டு சொல்லுச்சு, கடைசில கேஸ் தள்ளுபடி.

அதுல தப்பிச்சு என்ன பிரயோஜனம். ‘எல் ஸ்கார்ச்சோ’ முதல் சிங்கிள், எம்டிவில பெருசா ஓடல. ஆல்பம் அமெரிக்காவோட பில்போர்டு விற்பனைப் பட்டியல்ல 19ல வந்து நின்னு அப்புறம் கீழ இறங்கிருச்சு. ரோலிங் ஸ்டோன் மியூசிக் பத்திரிகை வாசகர்கள் 1996ன் மோசமான ஆல்பங்கள்ல இதுக்கு மூணாவது இடம் கொடுத்தாங்க. ‘பட்டி ஹாலி’ மாதிரி ஜாலியா ஒண்ணு எதிர்பார்த்து காசு கொடுத்தவன் கையில ஒருத்தனோட டைரியைக் கொடுத்தா கோவம் வரத்தானே செய்யும், அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். மேட் ஷார்ப் 1998ல பேண்டை விட்டே போயிட்டாரு. குவோமோ லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு மேம்பாலத்துக்குக் கீழ வீடு எடுத்து, சுவத்துக்குக் கறுப்பு அடிச்சு, ஜன்னல் எல்லாத்தையும் மூடிட்டு அடைஞ்சு கிடந்தாரு.

அந்த நேரத்துலதான் வெளிய வேற ஒண்ணு நடக்குது. சின்னப் பசங்க ஒருத்தர் சொல்லி ஒருத்தர், நெட்ல ஃபைல் மாத்தி, இந்த ஆல்பத்தை ரகசியம் மாதிரி கேட்டுக்கிட்டு இருக்காங்க, எமோ பேண்டுகள் (மனசுல இருக்குறதை அப்படியே கொட்டுற ராக் வகை) இதைத் தங்களோட பாடப்புத்தகம்னு சொல்லுது. 2001ல வீசர் திரும்பி வந்தப்போ ரசிகர்கள் கேட்டது ‘பிங்கர்ட்டன்’ பாட்டு. குவோமோ கொடுத்தது என்னன்னா, திரும்ப ஒகாசெக்கைக் கூப்பிட்டு, பச்சை அட்டை போட்டு, யாரைப் பத்தியும் இல்லாத சுத்தமான பாட்டுகள். பேட்டில ‘பிங்கர்ட்டன்’ ஒரு அசிங்கமான தப்புங்கிற மாதிரி பேசினாரு.

இங்கதான் எனக்குக் கடுப்பு. லேட்டா ஜெயிச்ச ஆல்பம்னு எல்லாரும் சந்தோஷமா கதை சொல்றாங்க. 2002ல அதே ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் எல்லா காலத்துக்குமான சிறந்த ஆல்பங்கள்ல 16வது இடம் கொடுத்தாங்க, 2004ல அதே பத்திரிகை 5 ஸ்டார் போட்டுச்சு, 2010ல டீலக்ஸ் எடிஷன், முழு ஆல்பத்தையும் மேடையில வாசிச்சு ஒரு டூர், குவோமோவும் மனசு மாறி நல்லவிதமா பேச ஆரம்பிச்சுட்டாரு, 2016ல 10 லட்சம் காப்பிக்கான பிளாட்டினமும் வந்துருச்சு. எல்லாம் சரி. ஆனா 1996ல வாங்குன அடில, இனிமே இப்படித் திறந்து எழுதக் கூடாதுன்னு அந்த ஆளு முடிவு பண்ணிட்டாரே, அதுக்கப்புறம் வீசர் நிறைய ஆல்பம் போட்டுட்டாங்க, இது மாதிரி இன்னொண்ணு எங்க?

புதுசா கேக்குறவங்க ‘த குட் லைஃப்’ல ஆரம்பிங்க, அப்புறம் முதல் பாட்டுல இருந்து வரிசையா போங்க. கடைசிப் பாட்டு ‘பட்டர்ஃப்ளை’, அதுல சத்தம் எல்லாம் நின்னு பெரும்பாலும் அகவுஸ்டிக் கிட்டார்தான் இருக்கும், அதுக்காக வால்யூமை ஏத்தி வெச்சுட்டு மறந்துபோய் திரும்ப முதல் பாட்டைப் போட்டுடாதீங்க, காது போயிடும். பிடிக்கலன்னா கீழ வந்து திட்டுங்க, இந்த ஆல்பம் வாங்காத திட்டா.