மணியோசை முன்னே: வங்கத் துப்பறியும் கதைகளும் நம் ஊர் நூலகமும்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது, எழுத்து வடிவில்)

விழாத் தலைவர் அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, இன்றும் நான் எழுதியதில் ஒற்றுப்பிழை கண்டால் போன் போட்டுச் சொல்லும் புலவர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, காவல்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் வட்டத்தின் புரவலர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த மளிகைக்கடை அண்ணாச்சி அவர்களே, பெற்றோருடன் வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் என் வணக்கம்.

இரண்டு விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். ஒன்று, வங்காளத்துச் சாகசக் கதைகளையும் துப்பறியும் கதைகளையும் ஆங்கிலக் குற்ற நாவல்களோடு சேர்த்து வைத்து ஏன் படிக்கவேண்டும் என்பது. இரண்டு, அந்தக் கதைகள் நம் ஊர் நூலகத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டவேண்டும் என்பது.

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பார்கள். துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரிந்து கிடையாது. குற்றவாளி கடைசிப் பக்கத்தில் வருவான். அவனுடைய மணியோசை பத்தாம் பக்கத்திலேயே கேட்டிருக்கும். நாம்தான் காது கொடுத்திருக்க மாட்டோம்.

ஆய்வாளர் ஐயா இங்கே இருப்பதால் அவர் துறையிலிருந்தே தொடங்குகிறேன். ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வரத் தொடங்கியது 1891இல். அடுத்த ஆண்டே, 1892இல், கல்கத்தாவில் பிரியநாத் முகோபாத்யாய் என்ற போலீஸ் அதிகாரி 'தாரோகார் தப்தர்' என்று ஒரு வரிசையைத் தொடங்கிவிட்டார். தாரோகாவின், அதாவது போலீஸ் அதிகாரியின் அலுவலகம் என்று அர்த்தம். தான் விசாரித்த வழக்குகளையே கதையாக எழுதினார். 200க்கு மேல் வந்தன. ஐயா, நீங்களும் எழுதவேண்டும். இதை மேடையில் வைத்தே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில் வேலை விஷயமாகக் கல்கத்தா போகிறேன். ஹவுரா மெயில், இரண்டாம் வகுப்பு. மூர்மார்க்கெட் பக்கம் வாங்கிய பழைய புத்தகம் ஒன்று கையில். அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ரோஜர் அக்ராய்டு கொலைக் கதை. இராத்திரி மங்கிய விளக்கில் தொடங்கி, காலையில் கோதாவரிப் பாலத்தின் மேல் வண்டி தடதடக்கும்போது கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டேன். பக்கத்தைத் திருப்புகிறேன், அட்டை வந்துவிட்டது! கடைசி 20 பக்கம் இல்லை. தைத்த நூல் மட்டும் தொங்குகிறது.

என் முகம் போன போக்கை எதிர் சீட்டில் இருந்த ஒரு வங்காளப் பாட்டி பார்த்தார். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. எவர்சில்வர் கிண்ணத்தில் பொரியைக் கொட்டி, வெங்காயம், பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு, சின்னக் குப்பியிலிருந்து கடுகெண்ணெய் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தவர், "இதை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன்" என்றார், ஆங்கிலத்தில். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அம்மா, கொலை செய்தது யார்?" என்றேன். "சொல்ல மாட்டேன் பாபா. பொரி சாப்பிடு" என்றார்.

விசாகப்பட்டினம் வரைக்கும் கெஞ்சினேன். அவர் பதிலுக்குக் கேள்விதான் கேட்டார். "கதவை உடைத்து உள்ளே போனார்களே, அப்போது அந்தப் பெரிய நாற்காலி எங்கே இருந்தது? போலீஸ் வந்தபோது எங்கே இருந்தது?" நான் பக்கங்களைப் புரட்டினேன். நாற்காலி இடம் மாறியிருந்தது! வேலைக்காரர் சொல்கிறார், நான் படித்தும் இருக்கிறேன், ஆனால் கவனிக்கவில்லை. "நகர்த்தி வைத்தால் யாருக்கு லாபம்?" என்றார். அப்புறம், "இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது? அதை ஏன் நம்பினாய்?" என்றார். கொருக்குப்பேட்டை தாண்டியதிலிருந்து படித்ததை எல்லாம் சில்கா ஏரிக் கரையோரம் வண்டி போகும்போது திரும்பப் படித்தேன். இருட்டிவிட்டது. பெட்டியில் இருந்த மற்றவர்களும் கூடிவிட்டார்கள். நாயுடு ஒருவர் ஒரு பேரைச் சொல்கிறார், ஒரு பட்டாளத்துக்காரர் இன்னொரு பேரைச் சொல்கிறார், பாட்டி எல்லாருக்கும் தலையை ஆட்டி மறுக்கிறார். விடிகிற நேரம் கரக்பூரில் அவர் இறங்க வேண்டும். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் நின்று அவர் காதில் ஒரு பெயரைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்போது பியோம்கேஷ் படி" என்று சொல்லி, செய்தித்தாள் ஓரத்தில் வங்காள எழுத்தில் அந்தப் பெயரை எழுதிக் கிழித்துத் தந்தார். அந்தத் துண்டை வாசிக்கத்தான் நான் வங்காளம் கற்றேன்.

பியோம்கேஷ் பக்ஷியைப் படைத்தவர் சரதிந்து பந்தோபாத்யாய். 1932இல் தொடங்கி 1970இல் அவர் இறக்கும் வரை எழுதினார், கடைசிக் கதை பாதியில் நின்றது. பியோம்கேஷுக்குத் 'துப்பறிபவன்' என்ற பட்டம் பிடிக்காது. தன்னை 'சத்யான்வேஷி' என்பான், உண்மையைத் தேடுகிறவன். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்று வள்ளுவர் சொன்ன ஆள்தான் இவன். ஹோம்ஸ் கடைசிவரை தனிக்கட்டை. பியோம்கேஷ் ஒரு வழக்கில் சந்தித்த சத்யவதியைக் கல்யாணம் செய்துகொள்கிறான், குழந்தை பிறக்கிறது, வயதாகிறது.

அவனுடைய முதல் கதைகளில் ஒன்று 'பதேர் காண்டா', வழியில் கிடக்கும் முள். கல்கத்தா வீதியைக் கடக்கும் பணக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுகிறார்கள். நெஞ்சில் கிராமபோன் ஊசி. சுட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை. விழுந்ததெல்லாம் ஒரு சைக்கிள் மணிச் சத்தம்தான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே! இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், பாட்டியிடம் கற்ற பாடம்.

இப்போது இதன் பக்கத்தில் கோனன் டாயிலின் 'நால்வர் சின்னம்' நாவலை வையுங்கள். 1890இல் வந்தது. அதிலும் ஊதுகுழலில் வரும் விஷ முள். ஆனால் ஊதுகிறவன் ஓர் அந்தமான் தீவுக்காரன், அவனை மனிதனாகவே டாயில் காட்டவில்லை. களவு போகிற புதையல் ஆக்ராவுடையது. வில்கி காலின்ஸின் 'சந்திரகாந்தக் கல்' 1868. அதில் வைரம் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொள்ளையடித்தது. நம் வீட்டில் திருடிய பொருள் அவர்கள் வீட்டில் காணாமல் போனால்தான் கதை தொடங்குகிறது. அப்புறம் சுனில் கங்கோபாத்யாயின் காகாபாபுவைப் படியுங்கள். ஊன்றுகோலோடு நடக்கும் மனிதர், கூடவே சந்து என்ற பையன். அதே அந்தமானுக்குப் போகிறார்கள். அங்கே தீவு மக்களோடு வாழ்பவர் சிறையிலிருந்து தப்பிய ஒரு பழைய விடுதலைப் போராளி, கொள்ளையடிக்க வருகிறவர்கள் வெளியாட்கள். ஒன்றை மட்டும் படித்தவனுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

சத்யஜித் ரே படைத்த துப்பறிவாளன் ஃபெலூடாவும் அப்படித்தான். 1965 டிசம்பரில் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழில் பிறந்தவன். அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கி, நின்றுபோய், 1961இல் ரே மறுபடி உயிர்கொடுத்த இதழ் அது. ஃபெலூடா லண்டன் போகும் கதையில் பேக்கர் தெருவுக்கே போய் ஹோம்ஸைக் குருவாக வணங்குகிறான். ஆனால் அவன் பிடிக்கிற கள்ளன் வேறு மாதிரி. 'கைலாஷே கேலெங்காரி'யில் புவனேஸ்வர் கோயில் யட்சி சிலையின் தலையை உடைத்து விற்கப் பார்க்கிறவனைத் துரத்தி எல்லோரா வரை போகிறான். பத்தூர் நடராஜரை லண்டன் நீதிமன்றம் வரை போராடி 1991இல் மீட்டுக் கொண்டுவந்த தமிழ்நாட்டுக்கு அந்தக் கதை புரியாதா? 'நயன் ரகசிய'த்தில் அவன் நம் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வருகிறான். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரியாது, தெரிய வழியும் இல்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன். ஃபெலூடா தமிழில் புத்தகமாக வந்திருக்கிறது. நம் ஊர் நூலகத்திலேயே இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன். கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ பூட்டியிருக்கிறது. நூலகரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரே ஆள், புத்தகம் தொலைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். போன மாதம் ஒரு ஆறாம் வகுப்புப் பையன் பீரோவின் முன்னால் நின்று, கண்ணாடியில் மூக்கை அழுத்தி, முதுகுப் பக்கத் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சுக்காற்று கண்ணாடியில் வட்டமாகப் படிந்து மறைந்தது. ஆறு மணிக்கு நூலகம் அடைப்பார்கள், அவனுக்கு டியூஷன் முடிவதே ஆறு மணிக்குத்தான்.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது, 1948. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த பீரோவுக்குப் பணம் கட்டியவர்கள். வங்காளத்தில் துர்கா பூஜை மலர் வந்தால் ஃபெலூடா வந்துவிட்டானா என்று வீட்டில் பெரியவரும் சின்னவரும் பிடுங்கிக்கொண்டு படித்தார்கள். புத்தகம் கைக்கு எட்டியது, அவ்வளவுதான் காரணம். பையன் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்பது மணியோசை. அது கேட்டால் யானையை வரவேற்கக் கதவைத் திறக்கவேண்டும்.

நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்குப் பணிவோடு இரண்டு கோரிக்கைகள். சிறுவர் பகுதி பீரோக்களின் பூட்டை எடுக்கவேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது இரவு எட்டு மணி வரை நூலகம் திறந்திருக்க, உரியவர்களிடம் நீங்கள் பேசவேண்டும். மாலையில் உட்கார எங்கள் வட்டத்தில் ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம், சம்பளம் வேண்டாம். தொலைகிற புத்தகத்துக்குப் பணம் நாங்கள் கட்டுகிறோம், நூலகர் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளும் கையெழுத்துப் போடலாம், அவர்களுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.