90 என்ற எல்லைக்கோடு

நேயர்களுக்கு வணக்கம். ஓர் எண்ணின் கதையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு நாட்டு அரசின் கடன், அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் பொருளாதார வளர்ச்சி சட்டென்று சரிந்துவிடும் என்ற கருத்து, 2010ஆம் ஆண்டிலிருந்து சில காலம் நாடாளுமன்றங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இயற்கை விதியைப் போலவே பேசப்பட்டது. அதை நம்பி எடுத்த முடிவுகளின் சுமையைத் தாங்கியவர்கள் அந்த விவாதங்களில் இடம்பெறாத எளிய மக்கள் என்பதால், இந்த எண்ணை நான் இன்னும் மறக்கவில்லை.

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். வளர்ந்த நாடுகள் இருபதின் கணக்குகளை 1946 முதல் 2009 வரை திரட்டி, கடனின் அளவைக் கொண்டு நான்கு பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவிலும் வளர்ச்சி எவ்வளவு என்று பார்த்தார்கள். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரிவில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காடு என்று வந்தது. அதே பிரிவின் இடைநிலை மதிப்பு, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், பூஜ்யத்துக்கு மேலேயே இருந்தது என்பதையும் அந்தக் கட்டுரை சொல்லியிருந்தது. ஆனால் செய்திக்குள் நுழைந்தது சராசரி மட்டுமே. கோட்டைத் தாண்டினால் பள்ளம் என்பது தலைப்பாகும். கடன் கூடக் கூட வளர்ச்சி ஓரளவு தணிகிறது என்பது தலைப்பாகாது.

அப்போது கிரேக்கம் கடன் நெருக்கடியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. சில மாதங்கள் கழித்துப் பிரிட்டனின் நிதியமைச்சரான ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2010 பிப்ரவரியில் ஆற்றிய உரையில் இந்த ஆய்வை எடுத்துக்காட்டினார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பால் ரயன் 2013ஆம் ஆண்டுக்கான தம் வரவுசெலவு முன்மொழிவில் அதைச் சான்றாக வைத்தார். இந்தக் கட்டுரை வந்திராவிட்டாலும் அவர்கள் அரசுச் செலவை வெட்டும் சிக்கன நடவடிக்கைகளைத்தான் நாடியிருப்பார்கள் என்று நான் கருதுகிறேன். ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு அறிவியலின் முத்திரை கிடைத்தது என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக இந்தக் கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தபோது விடை ஒத்துவரவில்லை. மாணவர்தான் எங்கோ தவறியிருக்கிறார் என்று ஆசிரியர்கள் முதலில் நினைத்தார்கள். கட்டுரையாளர்கள் கணக்கிட்ட எக்செல் விரிதாள் கோப்பு கைக்கு வந்தபிறகு உண்மை தெரிந்தது. ஆங்கில அகரவரிசையில் முதலில் நிற்கும் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளும் சராசரி காணும் சூத்திரத்தின் எல்லைக்கு வெளியே விடுபட்டிருந்தன. 2013 ஏப்ரலில் ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் இருவரும் வெளியிட்ட மறுகணக்கில், மைனஸ் 0.1 என்றிருந்த சராசரி 2.2 விழுக்காடாக உயர்ந்தது.

பேராசிரியர்களின் எக்செல் பிழையை ஒரு மாணவர் கண்டுபிடித்தார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் அந்தச் செய்தியும் பாதி உண்மைதான். விடுபட்ட ஐந்து நாடுகளால் ஏற்பட்ட வேறுபாடு 0.3 விழுக்காட்டுப் புள்ளி அளவே. பெரிய வேறுபாடு சராசரி எடுத்த முறையிலும், சில நாடுகளின் சில ஆண்டுகளைச் சேர்க்காமல் விட்டதிலும் இருந்தது. நியூசிலாந்து கடன் மிகுந்திருந்த ஐந்து ஆண்டுகளில் 1951 ஒன்று மட்டுமே கணக்கில் சேர்ந்தது. அந்த ஆண்டில் அதன் பொருளாதாரம் 7.6 விழுக்காடு சுருங்கியிருந்தது. ஐந்து ஆண்டுகளையும் சேர்த்தால் சராசரி வளர்ச்சி ஏறக்குறைய 2.6 விழுக்காடு. போதாக்குறைக்கு, பிரிட்டன் 19 ஆண்டுகள் கண்ட 2.4 விழுக்காட்டு வளர்ச்சிக்கும் நியூசிலாந்தின் அந்த ஓராண்டு வீழ்ச்சிக்கும் சராசரியில் சம எடை தரப்பட்டது. கட்டுரையாளர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டார்கள். எடையிடும் முறை பற்றிய குற்றச்சாட்டை ஏற்கவில்லை. எப்படிச் சராசரி எடுப்பது என்பது நியாயமான விவாதப்பொருள். ஊடகங்கள் அந்த விவாதத்துக்குள் போகாமல், விரிதாளில் விடுபட்ட வரிசைகளோடு நின்றுவிட்டன.

மறுகணக்கும் கடன் பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. கடன் 60 முதல் 90 விழுக்காடு வரை உள்ள பிரிவில் வளர்ச்சி 3.2, அதற்கு மேல் 2.2. வேறுபாடு உண்டு, பள்ளம்தான் இல்லை. அந்த வேறுபாட்டிலும் எது காரணம், எது விளைவு என்ற கேள்வி எஞ்சுகிறது. வளர்ச்சி தளர்ந்தால் வரி வருவாய் குறையும், கடன் விகிதம் தானே ஏறும். ஜப்பானின் வளர்ச்சி 1990களின் தொடக்கத்தில் தளர்ந்தபோது அதன் கடன் 90 விழுக்காட்டை எட்டவே இல்லை. தேக்கம் நீடித்த ஆண்டுகளில்தான் அது 200 விழுக்காட்டைத் தாண்டியது. பிரிட்டனோ இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது 200 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கடனைச் சுமந்தபடியே அடுத்த பல ஆண்டுகள் வளர்ந்தது.

வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்ற குடும்பக் கணக்கை அரசுக்கும் பொருத்துவது எல்லோருக்கும் எளிதில் விளங்குவதால்தான் 90 என்ற எண் அத்தனை வேகமாக வேரூன்றியது. ஒரு குடும்பம் செலவைக் குறைத்தால் அதன் வருமானம் குறையாது. ஓர் அரசு குறைத்தால் குறைகிறது, ஏனெனில் அதன் செலவு மற்றவர்களின் வருமானம். அவர்களிடமிருந்துதான் வரி வர வேண்டும். இந்தப் பாதிப்பைத் தங்கள் கணிப்புகள் குறைத்து மதிப்பிட்டிருந்தன என்று பன்னாட்டு நிதியமே 2012 அக்டோபரில் எழுதியது: அரசு செலவில் ஒரு ரூபாய் வெட்டினால் நாட்டின் உற்பத்தி அரை ரூபாய் குறையும் என்று கொண்டிருந்தார்கள், உண்மையில் 90 காசு முதல் 1 ரூபாய் 70 காசு வரை குறைந்திருந்தது.

அந்த மதிப்பீடு வெளியானதற்கு அடுத்த ஆண்டு, 2013இல், கிரேக்கத்தில் வேலை தேடுவோரும் வேலையில் இருப்போரும் சேர்ந்த மொத்த உழைப்பாளர்களில் ஏறக்குறைய 27 விழுக்காட்டினர் வேலையின்றி இருந்தார்கள். அதே ஆண்டில்தான் ஹெர்ண்டன் அந்த எக்செல் கோப்பைத் திறந்தார். வணக்கம்.