பத்து டிகிரி கூடினா வினைவேகம் ஏன் ரெண்டு மடங்காகுது? மறையுற பெருக்கல் குறி

கேமரா நேர் மேலேர்ந்து பாக்குது. கீழ வெள்ளைத்தாள், அதுல கறுப்பு மார்க்கர்ல ஒரு பெருக்கல் குறி. குறி மேல 100 மில்லி பீக்கர், உள்ள 50 மில்லி சோடியம் தயோசல்பேட் கரைசல், 0.15 மோலார் (லிட்டருக்கு 0.15 மோல்), 25 டிகிரி. இந்த சின்னக் குழாய்ல 5 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், 2 மோலார்.

ஊத்தியாச்சு, ஸ்டாப்வாட்ச் ஓடுது. ஒரே ஒரு சுத்து கலக்கிட்டு கையை எடுத்துடறேன். முதல்ல ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் இருக்கும், பதறாதீங்க. இப்போ லேசா நீலம் தட்டுது பாருங்க. அது, அமிலம் பட்டதும் தயோசல்பேட்லேர்ந்து பிரியுற கந்தகத்தோட ரொம்பச் சின்னத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கிறது. துகள் பெருசாக ஆக பால் வெள்ளை, அப்புறம் இளமஞ்சள்... குறி போயிடுச்சு. 32 விநாடி.

உடனே இதைப் பக்கத்துல இருக்கிற சலவைச் சோடா கரைசல்ல கொட்டிடறேன். அமிலம் தீர்ந்தா வினை நின்னுடும். இதுல சல்பர் டை ஆக்சைடு வருது. ஜன்னலைத் திறந்து வைங்க, பீக்கருக்கு மேல மூக்கை நீட்டாதீங்க, ஆஸ்துமா இருக்கிறவங்க தள்ளியே நில்லுங்க.

கந்தகம் ஏன் தண்ணியில கரையல? தண்ணி மூலக்கூறுகள் ஒண்ணை ஒண்ணு ஹைட்ரஜன் பிணைப்பால இறுக்கிப் பிடிச்சிருக்கு. எட்டு அணு வளையமா இருக்கிற கந்தகத்துக்கு முனைவுத்தன்மையே, அதாவது ஒரு பக்கம் பாசிட்டிவ் ஒரு பக்கம் நெகட்டிவ்ங்கிற மின்னேற்றப் பிரிவே, கிடையாது, அதனால அந்தக் கூட்டத்துக்குள்ள அதுக்கு இடமில்ல. தங்களுக்குள்ளயே ஒட்டிக்கிட்டுத் துகளாயிடுது.

அடுத்து செறிவு. 25 மில்லி தயோ, 25 மில்லி தண்ணி, கடைசியா அமிலம்: 65 விநாடி. 10 மில்லி தயோ, 40 மில்லி தண்ணி: 165 விநாடி. தண்ணியை எதுக்கு சேர்க்கிறோம்னு நிறைய பேர் கவனிக்கறதில்ல. வெறும் 25 மில்லி தயோவை மட்டும் எடுத்தா அதோட செறிவு பெருசா மாறாது, ஆனா அமிலத்தோட செறிவு ஏறிடும். அதோட திரவத்தோட ஆழமும் பாதியாகுது. நாம குறியைப் பாக்கறதே அந்த ஆழம் வழியா, அதனால மறைக்கவே கந்தகம் இன்னும் அடர்த்தியா வரணும். மொத்தக் கனஅளவும் பீக்கரும் மாறவே கூடாது. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு கந்தகம் வந்ததும் குறி மறையுது, அதனால 1-ஐ நேரத்தால வகுத்தா வேகத்துக்கு ஒரு அளவு கிடைக்கும். அதைச் செறிவுக்கு எதிரா வரைஞ்சா ஏறக்குறைய நேர்கோடு.

கோடு சரியா இருந்தும் நேரங்கள் எல்லாமே ரொம்பக் குறைவா வந்தா, புட்டி லேபிளைப் பாருங்க. 0.15 மோலார் தயோ கரைசல் தயாரிக்க 250 மில்லிக்கு 9.3 கிராம்ங்கிறது அஞ்சு நீர் மூலக்கூறு உள்ள படிகத்துக்கு. நீரற்ற உப்புன்னா 5.9 கிராம் போதும்.

இப்போ வெப்பநிலை. இதுக்கு 25-க்கு 25 கலவையைத்தான் எடுக்கணும். முழுச் செறிவுல எடுத்தா 45 டிகிரியில எட்டு ஒன்பது விநாடியில முடிஞ்சிடும், ஸ்டாப்வாட்ச்ல விரல் அரை விநாடி தாமதமானாலே ஆறு சதவீதம் கிட்ட பிழை. தயோவையும் அமிலத்தையும் தனித்தனியா வெந்நீர்த் தொட்டியில வைங்க. தயோவை மட்டும் 50 டிகிரிக்கு சூடாக்கி, 25 டிகிரி அமிலத்தை ஊத்தினா கலவை 48-க்கு சரிஞ்சிடும், நீங்க நோட்டுல 50-னு எழுதி வச்சிருப்பீங்க. ஆரம்பத்துலயும் முடிவுலயும் வெப்பநிலை பார்த்து சராசரி போடுங்க. கலந்ததுக்கு அப்புறம் சூடு பண்ணவே கூடாது, வாயு வேகமா வெளியேறும்.

25 டிகிரியில 65 விநாடி. 35 டிகிரியில... 33. ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகம்.

காரணம் கேட்டா "மூலக்கூறுகள் வேகமா ஓடுது, அதிகமா மோதுது"ன்னு எழுதுவாங்க. எனக்கு இந்தப் பதில்ல உடன்பாடே இல்ல. கணக்குப் போடுங்க: சராசரி வேகம் கெல்வின் வெப்பநிலையோட வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். 298-லேர்ந்து 308-க்குப் போனா கூடுறது 1.7 சதவீதம்தான். மிச்சம் எங்கேர்ந்து வந்தது?

கிளர்வு ஆற்றல்லேர்ந்து, அதாவது வினை நடக்க மோதல்ல குறைஞ்சபட்சம் இருக்க வேண்டிய ஆற்றல். இந்த ரெண்டு நேரத்தையும், வெப்பநிலையையும் வினைவேகத்தையும் இணைக்கிற அர்ரீனியஸ் சமன்பாட்டுல போட்டா மோலுக்கு 52 கிலோஜூல் கிட்ட வருது. அந்தத் தடையைத் தாண்டுற ஆற்றலோட நடக்கிற மோதல் 298-ல இருநூறு கோடிக்கு ஒன்றரை. 308-ல மூணு. கூட்டம் அப்படியேதான் இருக்கு, சுவரேறிக் குதிக்கத் தெம்புள்ளவங்க மட்டும் இரட்டிச்சிருக்காங்க. பத்து டிகிரிக்கு ரெண்டு மடங்குங்கிறது பொது விதியும் இல்ல. கிளர்வு ஆற்றல் 100 கிலோஜூல் இருந்தா இதே பத்து டிகிரி மூணரை மடங்குக்கு மேல ஏத்தும்.

சமநிலையையும், அதாவது முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே வேகத்துல நடக்கிற நிலையையும், இதோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க. சூடாக்கினா சமநிலையை வேகமா எட்டலாம், ஆனா வெப்பம் உமிழுற வினையில விளைபொருள் குறையத்தான் செய்யும்.

பீக்கர் சுவர்ல கந்தகப் படலம் ஒட்டியிருக்கு பாருங்க. ஒவ்வொரு தடவையும் தேய்ச்சுக் கழுவிட்டு அடுத்ததை ஆரம்பிங்க. இல்லேன்னா குறி முன்னாடியே மங்கலாத் தெரியும், நேரம் குறைஞ்சுகிட்டே வரும்.