பெரிய வீடு, சின்ன வருமானம்

வணக்கம் நேயர்களே. காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் யார் சேரலாம் என்று பேசச் சொன்னார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்குப் பத்தாயிரம். வருமானம் என்றுதான் சொன்னேன், வீடு என்று சொல்லவில்லை. இந்த இடத்தில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன்.

2013-இல் ஓர் ஆச்சி வருமானச் சான்று கேட்டு விண்ணப்பத்தோடு வந்தார். இதய வால்வில் கோளாறு. அப்போது வரம்பு 72,000தான். எந்த வீடு என்று கேட்டேன். சொன்னதும் சிரித்துவிட்டேன். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்குமே, அந்த மாதிரி வீடு. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. “இதை வைத்துக்கொண்டு ஏழை என்று எழுதச் சொல்கிறீர்களே ஆச்சி?”

அவர் கோபப்படவில்லை. “ஒரு நடை வந்து பாத்துட்டு எழுதுங்க தம்பி” என்றார்.

போகவே பத்து நாளாக்கிவிட்டேன். அந்த வீட்டுக்குப் பதினான்கு பங்கு. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாகப் பூட்டுகள். ஆச்சிக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு. ஒழுகும் இடத்தில் வைத்திருந்தது அந்தக் காலத்துப் பித்தளை அண்டா! விற்கலாமென்றால் எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மலேசியாவில், இருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. ஆச்சி மணகோலம், சீப்புச்சீடை என்று பலகாரம் சுட்டு விசேஷ வீடுகளுக்குக் கொடுக்கிறார். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு. எண்ணெய், உளுந்து போக மாதம் மூவாயிரம் நின்றால் பெரிது. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் நடந்தது. அந்தப் பத்து நாள் மட்டும் இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

ஆகவே, தேக்குத் தூணைப் பார்த்து நீங்களே ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். தூணா சம்பாதிக்கிறது?

சரி, இப்போது வருமானச் சான்றை இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதோடு ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் அட்டையில் பெயர் முக்கியம். மருமகள் வந்து மூன்று வருஷமாகியும் பெயர் சேர்க்காத வீடுகள் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றுகொண்டு அதைச் சேர்க்க முடியாது.

அப்புறம், எந்த நோய்க்கு உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு தாள் நிறைய எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கையைக் காட்டுகிறார்கள். எல்லா ஆஸ்பத்திரியும் திட்டத்தில் இல்லை, படுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. பேனா எடுக்கப் போனவர்களுக்காக இன்னொரு முறை: 1800 425 3993. வணக்கம்.