நடியாடில் காந்தி ஒப்புக்கொண்ட தவறு

[திரையில்: குஜராத் வரைபடம், நடியாட் மேல் ஒரு புள்ளி]

வணக்கம். 1919 ஏப்ரல். நடியாடில் ஒரு கூட்டத்தில் பேசிய காந்தி, தன் தவறு இமயமலை அளவு பெரியது என்றார். அப்படி என்ன தவறு?

கொஞ்சம் பின்னால் போவோம். விசாரணை இல்லாமலே ஆட்களைச் சிறையில் வைக்க வழி செய்தது ரௌலட் சட்டம். அதை எதிர்த்து நாடு முழுக்க ஹர்த்தால் நடத்தலாம் என்ற எண்ணம் காந்திக்கு வந்தது நம் சென்னையில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்த ஒரு விடியற்காலையில்.

ஏப்ரல் 6 அன்று கடைகளை அடைத்தார்கள். சில நாட்களில், டெல்லி வழியாகப் பஞ்சாப் கிளம்பிய காந்தியைக் கைது செய்து திருப்பி அனுப்பியது அரசு. அகமதாபாத் பற்றி எரிந்தது. விரம்காமில் ஓர் அரசு அதிகாரி கொல்லப்பட்டார். நடியாடிலேயே தண்டவாளத்தைப் பெயர்க்கப் பார்த்தார்கள்.

'என்னைக் கைது செய்ததால் வந்த வினை' என்று காந்தி ஒதுங்கியிருக்கலாம். அதில் உண்மையும் உண்டு. அவரோ மூன்று நாள் பட்டினி கிடந்தார். ஏப்ரல் 18 அன்று சட்டமறுப்பை, அதாவது அநியாயச் சட்டங்களை வேண்டுமென்றே மீறும் போராட்டத்தை, நிறுத்தினார்.

இங்கேதான் நான் அவரை வியக்கிறேன். எது தவறு என்று துல்லியமாகச் சொன்னார். சட்டத்தை மனதார மதித்துப் பழகியவருக்குத்தான் அநியாயச் சட்டத்தை மீறும் தகுதி வரும். அந்தப் பழக்கம் வருமுன்பே மக்களை அழைத்துவிட்டேன் என்றார். இதற்காகக் கேலியும் வாங்கிக்கொண்டார். இப்படிக் குறிப்பாகச் சொன்ன தவறைத்தான் திருத்தவும் முடியும்.

உடனே திருந்திவிட்டதா? இல்லை. 1922-ல் சௌரி சௌராவில் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து, இருபதுக்கும் மேற்பட்ட போலீசாரைக் கொன்றது கூட்டம். கூட இருந்த தலைவர்கள் கொதித்தபோதும், அப்போது நடந்துகொண்டிருந்த ஒத்துழையாமைப் போராட்டத்தையும் காந்தி நிறுத்தினார்.

[திரையில்: சபர்மதி ஆசிரமம், 12 மார்ச் 1930]

அப்புறம் உப்பு. இந்த முறை முதலில் கிளம்பியது ஆசிரமக் கட்டுப்பாட்டில் பழகிய 78 பேர். தினமும் பிரார்த்தனை, நூற்பு, நாட்குறிப்பு எல்லாம் கட்டாயம். 24 நாள் நடை. தண்டியில் அவர் உப்பை அள்ளிய பிறகுதான் நாடு முழுக்க அழைப்பு. அவர் அதற்குக் குறித்த நாளைப் பாருங்கள்: ஏப்ரல் 6. பழைய ஹர்த்தாலின் அதே தேதி.

[திரையில்: வேதாரண்யம் கடற்கரை]

அதே மாதம், ஏறத்தாழ நூறு தொண்டர்களைத் தேர்ந்தெடுத்து, திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார் ஒருவர். 1919-ல் காந்திக்குச் சென்னையில் இடம் கொடுத்த அதே ராஜாஜி.